காளைக்கு முதல் கஞ்சி

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், பழையாற்றுத் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. கன்னிப்பூ நெல்லை அறுத்து முடிந்ததும் அடுத்த போகமான கும்பப்பூவுக்குத் தொளி கலக்குவார்கள், அதாவது வயலைச் சேறாக உழுவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் அந்த வேலை வரும். மழையும் அப்போதுதான் வரும். விடியுமுன் ஏர் பூட்டினால் எங்கள் காளைகள் செவலையும் மயிலையும் முழங்கால் சேற்றில் நனைந்துகொண்டே நடக்கும். உச்சிப்பொழுதில் அவிழ்த்து ஓட்டி வரும்போது இரண்டின் முதுகிலிருந்தும் ஆவி எழும்.

"சேத்தக் கழுவித் தொடச்சி, சூடா கஞ்சி வச்சிரணும் மக்கா. இல்லேன்னா வெறச்சுப் போவும்" என்பார் பாட்டா, என் தாத்தா. அதன் பிறகுதான் அவர் தன் தலையைத் துவட்டுவார்.

கஞ்சிக்கான வேலை முந்தின ராத்திரியே தொடங்கிவிடும். அம்மை காணத்தில் (கொள்ளில்) கல் பொறுக்கி ஊறப்போடுவாள். பருத்திக்கொட்டை வேறொரு சட்டியில் ஊறும். காலையில் தொழுவத்து ஓரம் மூன்று கல் அடுப்பில் பானை ஏறும். எரிக்கத் தென்னையின் கதம்பையும் கொதும்பும். மழைக்காலத்துக்கென்று பரணில் காயவைத்தவை. காணம் விரலிடையில் மசியும்வரை வேகவேண்டும். ஊறிய பருத்திக்கொட்டையை ஆட்டுரலில் அரைத்து அதில் கலப்பாள். பிறகு தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, ஒரு பிடி கல்லுப்பு. பச்சரிசித் தவிடு சில நாளிலேயே காறி, மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டில் நெல்லை அவித்துக் குத்துவதால் தவிடு அதைவிடக் கூடுதல் நாள் கெடாமல் இருந்தது.

கலக்குவது என் வேலை. கையை முழங்கைவரை விட்டுக் கட்டியெல்லாம் உடைக்க வேண்டும். கை தாங்குகிற சூடு வந்தபின்தான் தொட்டியில் ஊற்ற விடுவார் பாட்டா. வெந்த காணமும் புண்ணாக்கும் சேர்ந்த அந்த மணத்துக்குச் செவலை கயிற்றை இழுக்கும். கண்வரை முகத்தை அமிழ்த்தி உறிஞ்சும். தொட்டியின் அடியைச் சொரசொரவென்று நக்கிவிட்டு, மீசையில் தவிட்டோடு என் தோளில் மூக்கைத் துடைக்கும்.

கஞ்சியின் அளவைப் பாட்டா சாணியைப் பார்த்து முடிவு செய்வார். காணம் முழுசாக வந்தால் வேக்காடு போதாது. சாணி இளகிப் போனால் மறுநாள் கஞ்சியைக் குறைத்து வைக்கோலைக் கூட்டுவார். பின்னாளில் கால்நடை மருத்துவம் படித்த உறவினர், கஞ்சியை வேகவைத்துச் சூடாகக் கொடுப்பதற்குக் காரணம் சொன்னார். மாட்டின் முதல் இரைப்பையில் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்க வைக்கின்றன. குளிர்ந்த தண்ணீர் நிறையப் போனால் அந்தச் சூடு தணிந்து வேலை சற்று மந்தமாகும். காணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம்; ஊறி வெந்தால் எளிதில் செரிக்கும். குளிர்நாடுகளில் குதிரைகளுக்கும் தவிட்டை வெந்நீரில் பிசைந்து கொடுக்கும் வழக்கம் உண்டு.

இன்று எங்கள் பக்கம் டிராக்டர் உழுகிறது. வயல்கள் பல தென்னையாகவும் வாழையாகவும் மாறிவிட்டன. ஆனாலும் கறவை மாடு கட்டியிருக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடைமழை நாளில் வெதுவெதுப்பான கஞ்சி ஒரு வேளையாவது வையுங்கள். புதிதாகத் தொடங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தானியம் திடீரென்று மிகுந்தால் வயிறு கெடும். மிச்சம் வைத்ததைப் புளிக்க விட்டு மறுபடி கொடுக்காதீர்கள். நமக்காக உழைக்கும் உயிர் பசியாறிய பிறகே நாம் இலை போட வேண்டும்.