காய்களை அடுக்கிய கை

ஜாலான் புசார் வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டங்கள் பதித்த கல்மேசை ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் அவருடைய பத்து வயதுப் பேரனும் மாலைதோறும் அங்கு ஆடுவது வழக்கம். 2024ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வழக்கம் நின்றது. போட்டியொன்றில் வெல்லும் நிலையில் இருந்த சிறுவன், ஒரே பிழையால் தோற்றான்; காய்களைக் கையால் தள்ளிவிட்டு எழுந்து வந்தான். “இனி ஆடமாட்டேன், தாத்தா” என்றான். பெரியவர் வற்புறுத்தவில்லை.

அம்மாதம் 25ஆம் நாள், செந்தோசாத் தீவில் உலகச் சதுரங்கப் பட்டப் போட்டி தொடங்கியது. பட்டத்தைக் காத்து நின்றவர் சீனாவின் டிங் லிரென். அறைகூவியவர் சென்னையின் 18 வயது குகேஷ். 2013இல் ஆனந்த் சென்னையில் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தபோது, பார்வையாளருள் ஒருவராய் அமர்ந்திருந்த ஏழு வயதுச் சிறுவர் அவர். தோல்வியைக் கண்ட கண்களில்தான் கனவு பிறந்தது!

பெரியவர் நாள்தோறும் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டார். முதலில் பாராமுகமாய் இருந்த பேரன், மெல்ல அருகில் வந்தமர்ந்தான். முதல் ஆட்டம் டிங்குக்கு, மூன்றாவது குகேஷுக்கு. அடுத்த ஏழும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. பதினொன்றாம் ஆட்டத்தைக் குகேஷும் பன்னிரண்டாம் ஆட்டத்தை டிங்கும் வென்றனர். பதின்மூன்றின் முடிவில் இருவரும் சமநிலை.

டிசம்பர் 12 அன்று இறுதி ஆட்டம். இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் ஒரு சிப்பாய் மிகுதி. அதுவும் சமனாகவே முடியும் என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், 55ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுண்டன, மந்திரிகளும் வெட்டுண்டன, மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தை முடித்துவைத்தது. ஏழரைக்கு ஆறரை என்னும் கணக்கில் குகேஷ் உலக வாகையர் ஆனார். 1985இல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவினும் இளையவர்.

“யானைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதானா, தாத்தா?” என்றான் பேரன்.

“ஆம், தம்பி. சறுக்கியபின் அவர் என்ன செய்தார் என்று பார்.”

டிங் கைகுலுக்கினார், பின்னர்ச் செய்தியாளர்முன் அமர்ந்து, கேட்ட வினாக்களுக்கெல்லாம் அமைதியாக விடையளித்தார். குகேஷோ, கண்ணீர் வழிய, கலைந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடக்க நிலையில் அடுக்கினார். டிங் மெய்யான வாகையராகப் போராடினார் என்று பாராட்டவும் செய்தார்.

சிறுவன் நெடுநேரம் பேசவில்லை. தான் தள்ளிவிட்ட காய்கள் அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை கல்மேசையில் இருவரும் ஆடினர். பேரன் மீண்டும் தோற்றான். உதடு துடித்தது. எனினும், தாத்தாவுக்குக் கைகொடுத்துவிட்டு, வெள்ளைக் காய்களையும் கறுப்புக் காய்களையும் தானே அடுக்கி முடித்தான்.

“இன்னோர் ஆட்டம், தாத்தா?”

வென்றவரும் தோற்றவரும் அன்று நடத்திய பாடத்தை, ஜாலான் புசாரில் ஒரு மாணவன் கற்றுக்கொண்டான்.