அரைப்பக்கம்

சென்ற ஆண்டு ஜூலையில், தமிழ் கற்பிக்கும் சிஸ்டர் பதினோராம் வகுப்பு மாணவியரான எங்கள் நால்வரையும் அழைத்து, ‘சிதம்பரத்தில் உ.வே.சா.’ என்ற தலைப்பில் எண்பது பக்கக் கட்டுரை ஒன்றைப் பொங்கலுக்குள் எழுதித் தரவேண்டும் என்றார்கள். அதுவரை நாங்கள் எழுதியவற்றுள் மிக நீளமானது பசுவைப் பற்றியது, மூன்று பக்கம். ஆறு மாதம் இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம்.

ஞாயிறுதோறும் கூடி எழுதுவது என்று முடிவாயிற்று. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தோழியின் வீட்டுத் திண்ணையில் கூடினோம். முறுக்கு தீர்ந்தது, பேச்சு தீரவில்லை. தாளில் தலைப்பு மட்டும் இருந்தது, சுற்றிலும் பூ வரைந்து. துறைமுகத்திலிருந்து வரும் தோழி மட்டும் வரவில்லை. ஞாயிறுதான் மீன் அதிகம் விற்கும் நாள். அவள் தாயாருக்குக் கூடை தூக்க ஆள் வேண்டும். அதை எண்ணிப் பாராமல் நாங்கள் முணுமுணுத்தோம். அது அவள் காதில் விழுந்துவிட்டது. “என் பேரை எடுத்துடுங்கடி” என்றாள். பிறகு எங்களோடு பேசவில்லை. இதை எழுதவே வெட்கமாயிருக்கிறது.

ஆயுதபூஜை விடுமுறையில் சிஸ்டர் எங்களை ரயிலில் சிதம்பரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஊர்கள் கடந்தன. சிஸ்டரின் சொல்லுக்காக அவளும் வந்தாள். ஆனால் எதிர் ஜன்னலோரம்.

அண்ணாமலை செட்டியார் தொடங்கிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு ஐயரவர்கள் 1924 முதல் 1927 வரை தலைவராயிருந்தார்கள் என்று குறித்துக்கொண்டோம். 1929-இல் பிறந்த பல்கலைக்கழகத்தோடு அக்கல்லூரி இணைந்தது. எங்களைப் பிடித்து உலுக்கியதோ வேறு செய்தி. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சீவகசிந்தாமணியின் பக்கம் திருப்பினார். நூல் வெளிவந்தது 1887-இல். ஏழு ஆண்டுகள்! பகலில் வகுப்பு, மிஞ்சிய நேரத்தில் ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தல். தமது 85-ஆம் வயதில், 1940-இல், ஆனந்த விகடனில் வாரம் ஓர் அத்தியாயமாக ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் மறையும்போது 122 அத்தியாயங்கள் சேர்ந்திருந்தன, கதைதான் முடியவில்லை.

திரும்பும் ரயிலில் துறைமுகத் தோழி வாய் திறந்தாள். “ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்னு அவர் இருந்திருந்தா, சிந்தாமணி வந்திருக்குமா, சிஸ்டர்?”

எங்களில் எவரும் பதில் சொல்லவில்லை. சிஸ்டர் கணக்குப் போட்டார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைப்பக்கம்; நால்வருக்கு இரண்டு பக்கம்; நாற்பது நாளில் எண்பது. மீதி நாள் திருத்துவதற்கு. எங்கே முடியுமோ அங்கே எழுதலாம்.

துறைமுகத் தோழி மதிய உணவு இடைவேளையில் எழுதினாள். மற்றவர்கள் இரவில். பல அரைப்பக்கங்கள் படிக்கச் சகிக்காதவை. ஆனாலும் அசட்டுப் பக்கத்தைத் திருத்த முடிந்தது. வெற்றுப் பக்கத்தை என்ன செய்வது? நிறுத்துமுன் மறுநாளின் முதல் வாக்கியத்தை ஓரத்தில் குறித்து வைத்தோம். அதனால் மறுநாள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காரும் நேரம் குறைந்தது. அரையாண்டுத் தேர்வின்போது பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மீண்டும் தொடங்குவதுதான் மலையாயிருந்தது. முதல் நாள் ஒரே ஒரு வரி எழுதி மூடிவிட்டோம்.

சனிக்கிழமைகளில் பிரதி எடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் சிஸ்டரின் கட்டளை. வீண் வேலை என்று அலுத்துக்கொண்டோம். நவம்பர் மழையில் கெடிலம் பெருகி, திண்ணைத் தோழியின் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அவள் நோட்டு மாவாகிவிட்டது. அழுது முகம் வீங்கியவளாய் அவள் பள்ளிக்கு வந்தபோது, துறைமுகத் தோழி பையிலிருந்து பாலிதீன் உறையில் சுற்றிய தாள்களை எடுத்து நீட்டினாள். அவர்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்த பிரதி. “நாலு நாள் எழுத்துதான் போச்சு, அழாதேடி” என்றாள். அன்றுமுதல் நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ஜனவரி 10-ஆம் தேதி 83 பக்கங்களைக் கொடுத்தோம். சிஸ்டர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்கள். ஐயரவர்கள் பிறந்தது 1855. நாங்கள் எழுதியிருந்தது 1885.

“இரண்டு வயதிலேயே சிந்தாமணியைப் பதிப்பித்துவிட்டாராக்கும்!” என்று சொல்லி, சிவப்பு மைப் பேனாவை துறைமுகத் தோழியிடம் நீட்டினார்கள்.