புல்லும் தண்ணீரும் போட்ட பாதை

மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரில், 1840களின் ஏப்ரல் கடைசியில், எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான் இருந்தது: புல் வந்துவிட்டதா? மாவு, உப்பிட்ட பன்றிக்கறி, காப்பிக்கொட்டை, வெடிமருந்து எல்லாவற்றையும் கூண்டுவண்டியில் ஏற்றிவிட்டுக் குடும்பங்கள் காத்திருந்தன. வண்டி பத்தடி நீளம், நான்கடி அகலம். சாமான் ஏற்றிய பிறகு ஆள் உட்கார இடம் ஏது? பெரும்பாலோர் பக்கத்தில் நடந்தே போனார்கள். எருதுகளுக்குத் தீனி கொண்டுபோகவும் வழியில்லை. வழிநெடுகப் புல் முளைத்திருந்தால்தான் கிளம்பலாம். முந்திக்கொண்டால் மாடு பட்டினி. பிந்தினால் மேற்கு மலைகளில் பனி.

அங்கிருந்து ஆரிகன் சிட்டி வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். இதுதான் ஆரிகன் டிரெயில். அளந்து கல் நட்டுப் போட்ட சாலை அல்ல. பூர்வகுடிகளும் தோல் வியாபாரிகளும் முன்பே நடந்த தடங்களை ஒட்டி, தண்ணீரும் புல்லும் உள்ள இடங்களைத் தொட்டுத் தொட்டுப் போன வழி. 1843இல் சுமார் ஆயிரம் பேர் பெருங்கூட்டமாகப் போனார்கள். அடுத்த கால்நூற்றாண்டில் இதிலும், கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் பிரிந்த கிளைகளிலுமாக மூன்று நான்கு லட்சம் பேர் மேற்கே போனார்கள். 1869இல் கண்டத்தைக் கடக்கும் ரயில் வந்ததும் வண்டிகள் குறைந்தன. 1978இல் இது தேசிய வரலாற்றுப் பாதை ஆயிற்று. இன்று இதன் ஓரமாக உள்ள கேம்ப்கிரவுண்டுகள் பலவும் பழைய தங்குமிடங்களிலோ அவற்றை ஒட்டியோதான் இருக்கின்றன. தண்ணீரும் சமதரையும் நிழலும் இடம் மாறவில்லையே! நெடுஞ்சாலையில் காரை விட்டால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு இந்தப் பாதை பிடிபடாது என்பது என் எண்ணம். பொழுது சாயும் நேரத்தில், இன்றைக்கு எங்கே தங்குவது என்று தேடும்போதுதான் பிடிபடும்.

கன்சாஸில் மேரிஸ்வில் ஊருக்குத் தெற்கே ஆல்கோவ் ஸ்பிரிங் என்று ஒரு சுனை. பாறை விளிம்புக்கு அடியில் நீர் ஊறும். மழைக்காலத்தில் விளிம்பிலிருந்து சிறு அருவியாகவும் விழும். 1846 மே மாதம் பிக் புளூ ஆற்றில் வெள்ளம் வந்ததால் பின்னாளில் டோனர் கூட்டம் என்று அறியப்பட்ட வண்டிக்குழுவினர் இங்கே நாள்கணக்கில் தங்கினார்கள். அந்தக் கூட்டத்தின் ஜேம்ஸ் ரீட் பாறையில் பெயரைச் செதுக்கினார். அவருடைய மாமியார் சாரா கீஸ் இங்கேதான் இறந்தார். அந்தக் கூட்டம் பிந்திப் போய் சியரா நெவாடா பனியில் சிக்கியதும் பலர் மாண்டதும் தனிக்கதை. இப்போது இங்கே மர நிழலில் நடைபாதைகள் இருக்கின்றன.

நெப்ராஸ்கா முழுக்க பிளாட் ஆறுதான் வழிகாட்டி. அகலம் அதிகம், ஆழம் குறைவு, நடுவே மணல்திட்டுகள். கியர்னி கோட்டைக்கு அருகே இன்று மாநிலப் பூங்காவில் கூடாரம் அடிக்கலாம். மார்ச்சில் போனால் லட்சக்கணக்கான சாண்ட்ஹில் கொக்குகள் இருட்டும் நேரத்தில் ஆற்றுத்திட்டுகளில் இறங்குவதைப் பழைய ரயில்பாலத்தில் நின்று பார்க்கலாம். வண்டிக்காரர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. அவர்கள் வந்து சேர்ந்தபோது கொக்குகள் வடக்கே போயிருக்கும்.

அவர்களுக்குக் கிடைத்தது காலரா. வங்கத்தில் கிளம்பிய கொள்ளைநோய் கப்பலேறி, மிசிசிப்பி ஆற்றுப்படகுகளில் ஏறி, 1849இலிருந்து சில ஆண்டுகள் பிளாட் கரையில் ஆட்களைச் சாய்த்தது. கலங்கல் ஆற்றுநீருக்குப் பதில் தெளிந்த நீர் வேண்டுமென்று கரையோரம் ஊற்று தோண்டினார்கள். முந்தின நாள் தங்கிப் போன கூட்டத்தின் கழிவும் அந்த மண்ணில்தான் இருந்தது. காலையில் நலமாக நடந்தவர் மாலையில் குழிக்குள் போனார். இன்றைக்குக் கேம்பிங் போகிறவர்களிடம், தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளிப் போய்க் குழி தோண்டு என்று சொல்லுவார்கள். அந்த விதியை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. அதன் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ புதைகுழிகள் இருக்கின்றன.

விறகு கிடைக்காத புல்வெளியில் காட்டெருமை வறட்டிதான் அடுப்பெரித்தது. பெண்களும் பிள்ளைகளும் நடந்துகொண்டே பொறுக்கிச் சேர்த்தார்கள்.

ஆஷ் ஹாலோவில் பாதை சரிவில் இறங்கும். சக்கரங்களைக் கட்டிப்போட்டு, வண்டியைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துப் பிடித்து இறக்கிய தாரை மேட்டில் இன்னும் தெரிகிறது. கீழே நல்ல ஊற்றும் மரமும் இருந்ததால் எல்லாருக்கும் அது விருப்பமான தங்கல். இப்போது கூட்டம் பக்கத்தில் உள்ள மெக்கானகி ஏரிக்குப் போகிறது. 1941இல் முடிந்த கிங்ஸ்லி அணை தேக்கிய நீர். வெள்ளை மணல் கரை. கோடை வார இறுதியில் படகும் ஆர்வி வண்டியுமாக நிறைந்துவிடும். அமைதி வேண்டுவோர் வார நாட்களில் போகலாம். அப்புறம் சிம்னி ராக், ஸ்காட்ஸ் பிளஃப். ஊசிபோல் நிற்கும் சிம்னி ராக் பல நாள் நடைத்தொலைவிலிருந்தே தெரியத் தொடங்கும். வழிப்பயணிகளின் நாட்குறிப்புகளில் அதிகம் இடம்பெற்ற அடையாளம் அதுதான்.

வயோமிங்கில் கெர்ன்சி ஊருக்கு வெளியே நின்று பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது. மென்மையான மணற்கல் மேட்டின் மீது பாதை ஏறுகிறது. ஆற்றோரம் சதுப்பு என்பதால் எல்லா வண்டியும் இந்த ஒரே இடுக்கில்தான் ஏற வேண்டியிருந்தது. இரும்புப் பட்டை போட்ட சக்கரமும் குளம்பும் செருப்பும் தேய்த்துத் தேய்த்துக் கல்லில் ஐந்தடி ஆழத்துக்கு வாய்க்கால் விழுந்திருக்கிறது. உள்ளே இறங்கி நின்றால் கல்சுவர் மார்பளவு வரும். பக்கச்சுவர் வழவழப்பு, அடித்தரை நடுவில் மேடு, இரண்டு பக்கம் பள்ளம். கையை வைத்துப் பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பெயர் செதுக்கும் ஆசைக்கு இங்கே இடம் தரக்கூடாது. அருகே உள்ள ரெஜிஸ்டர் கிளிஃப் பாறையில் பழைய பெயர்களின் மேல் பிற்காலத்தவர் கிறுக்கி அழித்தவற்றைக் கண்டால் வயிறு எரியும்.

தங்குவதற்குக் கெர்ன்சி மாநிலப் பூங்கா. 1930களின் பொருளாதார மந்தகாலத்தில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அரசு கட்டிய கல் மண்டபங்கள் இன்னும் உறுதியாக நிற்கின்றன. ஜூலையில் போகிறவர் விசாரித்துவிட்டுப் போக வேண்டும். பாசனக் கால்வாய்களுக்கு வண்டல் கலந்த நீர் விடுவதற்காக அந்த மாதத்தில் அணையை வற்றவிடுவார்கள். ஏரி சேற்றுவெளி ஆகிவிடும்.

இண்டிபெண்டன்ஸ் ராக், சுமார் 130 அடி உயரக் கருங்கல் குன்று. ஜூலை 4க்குள் இதைத் தொட்டால் பனிக்கு முன் மலை தாண்டலாம் என்பது கணக்கு. இன்றும் யாரும் ஏறலாம். இதையடுத்து ஸ்வீட்வாட்டர் ஆற்றோடு வளைந்து வளைந்து ஏறினால், சேஜ்பிரஷ் புதர்க்காட்டின் வழியே சவுத் பாஸ் வருகிறது. கணவாய் என்றதும் இடுக்கு ஒன்று மனதில் வரும். இது முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறந்தவெளி. கண்டத்தின் நீர்ப்பிரிமுகட்டைத் தாண்டியது பலருக்குத் தெரியவே இல்லை. சற்றுத் தள்ளி பசிபிக் ஸ்பிரிங்ஸில், மேற்கே ஓடும் நீரைக் கண்ட பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

முழுப்பாதையில் எனக்கு மிகப் பிடித்த தங்கல் சவுத் பாஸ்தான். சுற்றிலும் பெரும்பாலும் அரசுப் பொதுநிலம். கட்டணம் இல்லை, குழாய் இல்லை, மரமும் இல்லை. சக்கரத்தடங்கள் புதருக்கு நடுவே இரட்டைக் கோடாகப் போகும். காற்றுதான் முதலாளி. கூடாரத்தின் முதுகைக் காற்றுக்குக் காட்டி, வாசலைக் கிழக்கே வைத்து, முளைகள் இளகிய மண்ணில் நிற்காதென்று கல்லை வைத்துக் கட்டி முடிப்பதற்குள், வண்டிகளை ஏன் வட்டமாக நிறுத்தினார்கள் என்று தெரிந்துவிடும். மாடுகளைப் பட்டிபோல் அடைக்கவும் அந்த வட்டம்தான் உதவியது. குடிநீரை முன்கூட்டியே சுமந்து வர வேண்டும்.

1852இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இந்த வழியே போன எஸ்ரா மீக்கர், 1906இல் தமது 75ஆம் வயதில் எருது பூட்டிய வண்டியில் எதிர்த்திசையில் திரும்பினார். உழவிலும் ஊர்களிலும் பாதை அழிவதைப் பொறுக்காமல் வழியெல்லாம் அடையாளக்கல் நட்டார். சவுத் பாஸில் அவர் நட்ட கல் இருக்கிறது. பாதை பிழைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

ஐடஹோவில் ஸ்னேக் ஆறு பாதாளத்தில் ஓடுகிறது. தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, இறங்க வழியில்லாமல், மாடுகள் தாகத்தில் செத்தன. கிளென்ஸ் ஃபெரியில் ஆற்றுத்திட்டுகளைப் பிடித்து ஆற்றைக் கடந்தார்கள். ஷோஷோனி மக்கள் வழிகாட்டினார்கள், சால்மன் மீன் விற்றார்கள். அப்படியும் பலர் மூழ்கினார்கள். அங்கே இன்று பச்சைப் புல்தரையோடு நல்ல மாநிலப் பூங்கா. ஆரிகனுக்குள் நுழைந்ததும் ஃபேர்வெல் பெண்ட். ஸ்னேக்கைவிட்டுப் பிரியும் வளைவு. பிறகு புளூ மலையில் எமிகிரண்ட் ஸ்பிரிங்ஸ். பல நூறு மைல் வெயிலுக்குப் பின் கிடைத்த பைன் நிழலில் இங்கே தங்கினார்கள். நெடுஞ்சாலை லாரிச் சத்தம் இரவெல்லாம் கேட்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலைக்கு அப்பால் பெண்டில்டன் அருகே டமாஸ்ட்ஸ்லிக்ட் பண்பாட்டு நிலையத்தில் கையூஸ், உமாட்டில்லா, வல்லா வல்லா மக்கள் இந்தப் பாதையைத் தங்கள் கண்ணால் காட்டுகிறார்கள். வண்டிகளோடு தட்டம்மை வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது அவர்கள் பக்கத்துக் கதை.

கடைசித் துண்டு பார்லோ சாலை. 1846இல் ஹூட் மலையைச் சுற்றித் திறந்த சுங்கவழி. வண்டிக்கு 5 டாலர். லாரல் ஹில் சரிவில் மரத்தில் கயிற்றைச் சுற்றி வண்டிகளை இறக்கினார்கள். இன்று அது காட்டிலாகாவின் கரடுமுரடான மண்சாலை, ஓரத்தில் குழாய்நீர் இல்லாத சிறு கேம்ப்கிரவுண்டுகள். பார்லோ பாஸில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் நடைப்பாதை இதைக் குறுக்கே வெட்டுகிறது. வறண்ட மாதங்களில் நெருப்பு மூட்டத் தடை இருக்கும். கேஸ் அடுப்பு எடுத்துப் போக வேண்டும்.

ஆரிகன் சிட்டியில் வண்டிப்பாதை முடிகிறது. நான் சொல்லும் கடைசித் தங்கல், இன்னும் சற்றுத் தெற்கே வில்லமெட் ஆற்றங்கரையில் ஷாம்பூயி பூங்கா. 1843 மே 2 அன்று குடியேறியவர்கள் வாக்கெடுத்துத் தற்காலிக அரசு அமைத்த இடம். 1850இல் வந்த நிலச்சட்டம் கணவன் மனைவிக்குச் சேர்த்து 640 ஏக்கர் கொடுத்தது. உழத் தயாராக வில்லமெட் பள்ளத்தாக்கு புல்வெளியாகக் கிடந்ததற்குக் காரணம், கலப்பூயா மக்கள் தலைமுறை தலைமுறையாக இலையுதிர் காலத்தில் தீயிட்டு அதைத் திறந்தவெளியாகப் பேணியதுதான். 1830களின் மலேரியாவில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் 1855 ஒப்பந்தத்துக்குப் பின் கிராண்ட் ரோண்ட் ஒதுக்கிடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களுடைய சாச்சாலு அருங்காட்சியகம் இருக்கிறது. ஷாம்பூயியில் கூடாரத்தைக் கழற்றிய அன்றே காரில் போய்ப் பார்த்துவிடலாம். திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.