எல்லை ஊர்களின் எழுத்துப் பலகைகள்

மும்பையிலிருந்து விடுமுறைக்குப் புறப்படும் நம் சங்க அன்பர் பலர், நாகர்கோவிலில் இறங்கியதும் பயணம் முடிந்ததென்று எண்ணிவிடுகின்றனர். அங்கிருந்து திருவனந்தபுரம் செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறிக் குழித்துறையைக் கடந்தால், சிறிது நேரத்தில் பாறசாலை வந்துவிடும். அதற்கப்பால் தனுவச்சபுரம், அமரவிளை, பின்னர் நெய்யாற்றின்கரை. இவ்விருப்புப் பாதை 1979-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பெற்றது. அதற்கு முன் இப்பக்கத்து மக்களுக்குச் சாலையே கதி.

இரயில்வேயில் எழுத்தராகக் காலங் கழிக்கும் நமக்கு, எந்த ஊரில் இறங்கினும் முதலில் கண் செல்வது பெயர்ப் பலகையின்மீதுதான். மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் என்பது நிலையப் பலகைகளின் வரிசை. குழித்துறையில் தமிழ் முதலிடம் பெறுகிறது. பாறசாலையில் மலையாளம் பெறுகிறது. இடையே ஒரு மலையும் இல்லை. அதே தென்னை, அதே மரவள்ளி, அதே செம்மண். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அந்த இணைப்புக்காக 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானோரை நம்மவர் மறந்திலர். ஆயினும் கோட்டுக்கு அப்பால் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களை நாம் எண்ணுவது குறைவே.

பாறசாலையில் ஒரு வீட்டில் மோர் அருந்தினோம். வீட்டு மூதாட்டியார் நம்மிடம், "பிள்ளைகளுக்குப் பேச்சு வருது மக்களே, எழுத்து வரல்லியே" என்றார். பேரப்பிள்ளைகள் தமிழில் வந்த கலியாணக் கடிதத்தை அவரிடமே நீட்டிப் படிக்கச் சொல்கின்றனராம். இஃது எல்லைப்புறத்துக்கு மட்டும் உரிய குறையன்று. நம் மும்பைக் குடியிருப்புகளிலும் எத்தனை வீடுகளில் இக்கதை நடக்கிறதென்பதை வாசகர் நன்கறிவர். கடைவீதியில் ஒரு பலகை தமிழில் இருந்தால், பள்ளிக்குச் செல்லும் குழந்தை நாள்தோறும் அதைக் கடந்தே எழுத்தைக் கற்றுக்கொள்ளும்.

நெய்யாற்றின்கரையில் இறங்குவோர், சில கல் தொலைவிலுள்ள அருவிப்புரத்தைக் காணாது திரும்பலாகாது. நெய்யாறு பாறைகளினூடே இரைந்து பாயும் இடம் அது. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து சிவலிங்கமாக நாட்டினார். பிரதிட்டை செய்யும் உரிமை அந்தணர்க்கே என்றிருந்த காலம். ஈழவ குலத்தில் தோன்றியவர் அதைச் செய்தது பெரும் புயலை எழுப்பியது. அதற்குமுன் அவர் தவமிருந்தது நம் குமரி மாவட்டத்து மருத்துவாழ் மலையில் என்பதும், தமிழிலும் அவர் பதிகங்கள் பாடினார் என்பதும் நமக்கு உவகை தருவன.

அக்கோயிலில் குரு ஒரு வாசகம் எழுதுவித்தார். சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்பது அதன் பொருள். அதன்முன் நாம் நெடுநேரம் நின்றோம். அதில் ஒருவர்மீதும் பழியில்லை. எவரும் எதையும் விட்டுவிட வேண்டுமென்ற கட்டளையுமில்லை. இவ்விடம் எத்தகையது என்று மட்டும் கூறுகிறது. படித்தவன் தானே நாணுவான். அல்லது உள்ளே வருவான்.

இதற்கு நேர்மாறான பலகைகளும் அந்நாளில் திருவிதாங்கூரில் இருந்தன. வைக்கம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில், தாழ்த்தப்பட்டோர் இதற்கப்பால் செல்லலாகாது என்ற பலகைகள் நின்றன. அறப்போராட்டம் 1924 மார்ச் 30-இல் தொடங்கியபோது, தொண்டர்கள் அவற்றைப் பிடுங்கவுமில்லை, தார் பூசவுமில்லை. கோவிந்தப் பணிக்கர், பாகுலேயன், குஞ்ஞாப்பி என்னும் வெவ்வேறு சாதியினர் மூவர் கைகோத்து அப்பலகையை நோக்கி நடந்தனர், காவலர் தடுத்ததும் அங்கேயே நின்றனர், சிறை சென்றனர். தலைவர்கள் சிறைப்பட்டபின் ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று போராட்டத்தைத் தாங்கியதைத் தமிழ் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் நம் எல்லை ஊர்களுக்கும் இதில் பங்குண்டு. அவ்வாண்டு நவம்பரில், உயர் சாதியார் எனப்பட்டோரே பிறர்க்காக இரண்டு நடைப்பயணங்கள் மேற்கொண்டனர். வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபனும், நாகர்கோவில் பக்கத்திலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடுவும் தலைமை தாங்கித் திருவனந்தபுரத்தை அடைந்தனர். தென்புறத்தார்க்கு அக்காலத்தில் பெருவழி, பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் ஊடறுத்துச் செல்லும் இச்சாலையே. ஏறக்குறைய 25,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் மகாராணியார் சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பெற்றது. உடனே பலித்ததா? இல்லை. 1925 பிப்ரவரியில் சட்டசபைத் தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. ஆண்டிறுதியில் மூன்று வீதிகள் திறந்தன, ஒன்று திறக்கவில்லை. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல்தான் வந்தது.

நிலையப் பலகைகளில் தார் பூசிய கிளர்ச்சிகளை 1952 முதல் தமிழகம் கண்டது. அதன் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. எனினும் பலகை பயணியின் கண், அதை மறைப்பதைவிட அதன் கீழே ஒரு வரி கூட்டுவிப்பதே நம் மனத்துக்கு உகந்தது. பாறசாலைக் குடும்பங்களுக்கு அதற்கு வழியும் உண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையர் மாநில அரசுக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். மறுமொழியும் தமிழில் பெறலாம். தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்தல் வேண்டுமென அரசியலமைப்பின் 350ஏ பிரிவும் உரைக்கிறது. மூதாட்டியாரிடம் இதைச் சொன்னபோது, விண்ணப்பத்தை யார் எழுதுவார் என்று கேட்டார். அவர் கூற, நாம் அன்று மாலையே எழுதிக் கொடுத்தோம். தெருவார் பதினால்வர் கையொப்பமிட்டனர், மூவர் மலையாள எழுத்தில்.

அருவிப்புரம் செல்வோர் காலை வேளையிலேயே செல்க. மழைக்காலத்தில் ஆற்றின் வேகம் மிகுதி. குழந்தைகளைப் பாறைமீது விடவேண்டா.