சடலத்தைப் பார்க்க முடியாத இன்ஸ்பெக்டருக்கு

மதிப்புக்குரிய ஜோன் தோ அவர்களுக்கு,

நீங்கள் 2002 பெப்ரவரியில், 60 வயதில் மறைந்துவிட்டீர்கள். இந்த மடல் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களோடு நடித்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். பிற்பகல் மறுஒளிபரப்பில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் சனமும் பிரித்தானியா முழுக்க இருக்கிறது. அவர்கள் காதிலாவது விழட்டும்.

தொலைக்காட்சியில் நீங்கள் நடித்த இன்ஸ்பெக்டர் மோர்ஸ், கொலைகளை விசாரிக்கிறவர். ஆனால் சடலத்தைப் பார்க்க அவரால் முடியாது. நான் நன்றி சொல்ல வந்தது அதற்காகத்தான்.

எத்தனையோ படங்களில் அந்தக் காட்சி வரும். தரையில் ஒருவர் கிடப்பார். பிரேத பரிசோதனை வைத்தியர் மக்ஸ் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் வாசலில் நின்று ஒரே ஒரு தடவை பார்ப்பீர்கள். முகம் வெளிறிவிடும். சட்டென்று திரும்பி, சுவரில் தொங்கும் படத்தையோ அலுமாரியில் இருக்கும் புத்தகங்களையோ பார்க்கத் தொடங்குவீர்கள். எத்தனை மணிக்கு உயிர் போயிருக்கும் என்ற கேள்வியைப் புத்தகங்களைப் பார்த்தபடியே கேட்பீர்கள். மக்ஸ் சீண்டுவார். அவருக்கு உங்கள் பலவீனம் தெரியும். அப்படித் திரும்பிக்கொண்டதால்தான் இறந்தவர் என்ன வாசித்தார், எந்த இசைத்தட்டை வைத்திருந்தார் என்பதெல்லாம் மோர்ஸின் கண்ணில் படும். வைத்தியர் காயத்தின் ஆழத்தை அளந்துகொண்டிருக்க, மோர்ஸ் அந்த மனிதரின் வாழ்க்கைக்குள் போய்விடுவார்.

1987 ஜனவரி 6 முதல் 2000 நவம்பர் 15 வரை, 33 படங்கள். கடைசிப் படத்திலும் மரணம் அவருக்குப் பழகவில்லை. அவ்வளவு காலமும் அந்தக் கூச்சத்தை மங்கவிடாமல் காப்பாற்றியது உங்கள் முகம்தான்.

பிரித்தானியாவின் பழைய பொலிஸ் தொடர்களை நான் ஒழுங்காகத் தேடிப் பார்த்தது உங்களால்தான். அந்த வரலாறு ஏறக்குறைய முழுவதிலும் நீங்கள் எங்கோ நிற்கிறீர்கள். 1962இல் பிபிசி தொடங்கிய 'இஸட் கார்ஸ்' தொடரில், அடுத்த ஆண்டே இளம் துப்பறியும் கொன்ஸ்டபிளாக வந்தீர்கள். பிறகு 'ரெட்கப்'பில் இராணுவப் பொலிஸ் சார்ஜன்ட் மான். 1975இலிருந்து 1978 வரை 'த ஸ்வீனி'யில் ஜாக் ரீகன். அதன் பிறகுதான் மோர்ஸ். உங்களுக்கு முன்னால் இருந்தவர் டிக்ஸன் ஒருவர்தான் என்று சொல்லலாம்.

டிக்ஸனைப் பற்றியும் சொல்லவேண்டும். 1950இல் வந்த 'த புளூ லாம்ப்' திரைப்படத்தில் கொன்ஸ்டபிள் ஜோர்ஜ் டிக்ஸன் பாதிப் படத்திலேயே சுடப்பட்டு இறந்துபோகிறார். எழுத்தாளர் டெட் வில்லிஸ் அவரை 1955இல் பிபிசிக்காக உயிரோடு எழுப்பிக் கொண்டுவந்தார். நீல விளக்கின் கீழே வந்து நின்று, தொப்பிக்குக் கை வைத்து எல்லோருக்கும் மாலை வணக்கம் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கும் அந்த மனிதரை இந்த நாடு 1976 வரை வீட்டுக்குள் வைத்திருந்தது. டிக்ஸனாக நடித்த ஜாக் வார்னருக்கு அப்போது 80 வயது. 1981இல் அவர் இறந்தபோது அவருடைய பெட்டியைத் தூக்கியவர்கள் நிஜப் பொலிஸ்காரர்கள். இன்றைய பார்வைக்கு டிக்ஸன் மிக நல்லவராகத் தெரியலாம். ஆனால் யாருக்காவது அநியாயம் நடந்தால் அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்று, கதை முடிந்த பின்னும் நின்று நமக்குச் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் அவரிடமிருந்துதான் வந்தது.

'இஸட் கார்ஸ்' அந்த நல்ல மனிதரை வீதியிலிருந்து காருக்குள் ஏற்றியது. கூகைக்கட்டு வந்து கட்டிலில் கிடந்த எழுத்தாளர் ட்ரோய் கென்னடி மார்ட்டின், பொழுதுபோகாமல் பொலிஸ் வானொலி அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். தொலைக்காட்சியில் வருகிற பொலிஸுக்கும் காதில் விழுகிற பொலிஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டது. லிவர்பூலுக்குப் பக்கத்தில் உள்ள கேர்க்பியை மனதில் வைத்து நியூடவுண் என்ற கற்பனை ஊரை எழுதினார். முதல் அத்தியாயத்திலேயே ஒரு பொலிஸ்காரர் மனைவியை அடித்திருக்கிறார் என்பது தெரிகிறது. பொலிஸ் மேலதிகாரிகளுக்குப் பெரும் கோபம். தொடக்க ஆண்டுகளில் நேரடியாகவே ஒளிபரப்பானது. வசனம் தடுக்கினால் தடுக்கியதுதான். சீருடைக்குள் இருப்பவனுக்கும் வீடு உண்டு, கடன் உண்டு, கெட்ட குணம் உண்டு என்று இந்த நாட்டுக்கு முதலில் அழுத்திச் சொன்னது அதுதான்.

ட்ரோயின் தம்பி இயன் கென்னடி மார்ட்டின் உங்களை மனதில் வைத்து எழுதியவர் ரீகன். பதினாறு மில்லிமீற்றர் படச்சுருள், கிட்டங்கிகளும் இடிபாடுகளுமான லண்டன் தெருக்கள், ஓர் அத்தியாயத்துக்குப் பத்து நாள் படப்பிடிப்பு. அதில் நீங்கள் ஓடுவதைப் பார்த்தால் நடிப்பு என்று தோன்றாது. ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பீர்கள். அந்தக் காலோடுதான் வேலி தாண்டினீர்கள், அடி வாங்கினீர்கள். ரீகன் அடிக்கவும் செய்வார். சந்தேக நபரை மிரட்டி வாக்குமூலம் வாங்குவார். அதை நான் இரசிக்கவில்லை. இருந்தாலும் அந்தத் தொடர் அதை மூடி மறைக்கவில்லை. அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த 1977இல், ரீகன் வேலை செய்வதாகக் காட்டிய லண்டன் பறக்கும் படையின் நிஜ முன்னாள் தலைவர் ஒருவர் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். 1978இல் உங்கள் கடைசி அத்தியாயத்தில் ரீகன் மீதே இலஞ்சக் குற்றச்சாட்டு வருகிறது. குற்றமற்றவர் என்று விடுவித்த பிறகு திரும்பி வா என்கிறார்கள். ரீகன் வர மறுத்துவிட்டுப் போகிறார். அந்த ஆத்திரத்தில் நீங்கள் பேசுவதைப் பார்த்த எவருக்கும், நேர்மையான ஒரு வேலையாளுக்குத் தன் வேலையிடம் எவ்வளவு மனக்கசப்பு வரலாம் என்று தெரியும்.

ரீகனுக்கும் மோர்ஸுக்கும் நடுவில் இந்த நாட்டின் சட்டமும் மாறியது. பொலிஸ் அதிகாரங்களையும் குற்றச் சான்றுகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1984இல் நிறைவேறி, 1986இல் நடைமுறைக்கு வந்தது. விசாரணை அறைக்குள் ஒலிப்பதிவுக் கருவி வந்து உட்கார்ந்தது. அறைந்து வாங்கிய பதில் இனிச் செல்லாது. பெரும்பாலான பிரித்தானியப் பொலிஸ்காரர்களிடம் துப்பாக்கியும் இல்லை. எனவே எழுத்தாளர்களுக்குக் கேள்வியும் மௌனமும்தான் மிச்சம். 1987இல் மோர்ஸ் வந்தபோது அந்த மௌனத்தை நிரப்ப ஒரு முகம் தேவைப்பட்டது. ரீகனாக ஓடிக் களைத்த அதே முகம் கிடைத்தது இந்தக் கலையின் அதிர்ஷ்டம்.

கொலின் டெக்ஸ்டரின் முதல் மோர்ஸ் நாவல் வெளிவந்ததும் 1975தான், 'த ஸ்வீனி' தொடர் தொடங்கிய அதே ஆண்டு. காது கேளாமையால் ஆசிரியத் தொழிலை விட்டு ஒக்ஸ்போர்டுக்கு வந்தவர், குறுக்கெழுத்துப் பிரியர். அவருடைய நாவல்களில் மோர்ஸின் உதவியாளர் லூயிஸ் வேல்ஸ் நாட்டவர், மோர்ஸை விட மூத்தவர். தொலைக்காட்சிக்கு வந்தபோது நியூகாசில் பேச்சோடு இளைய கெவின் வாட்லி லூயிஸானார். அந்த ஒரு மாற்றத்தால் படமே வேறாகிவிட்டது. மோர்ஸ் தனியே வீட்டுக்குப் போவார். லூயிஸுக்கு மனைவி காத்திருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள். பியருக்குக் காசு கொடுப்பது எப்போதும் லூயிஸ்தான். மோர்ஸ் ஒரு வாடகைக்கார் ஓட்டியின் மகன். ஒக்ஸ்போர்டில் படிக்கப் போய்ப் பட்டம் பெறாமலே வெளியேறியவர். நீங்கள் மான்செஸ்டரில் ஒரு லொறிச் சாரதியின் மகன், பதினாறு வயதில் லண்டனின் நாடகப் பள்ளிக்குப் போனவர். கல்லூரிப் பேராசிரியர்களின் மேசையில் மோர்ஸ் உட்காரும்போது முதுகு கொஞ்சம் விறைக்கும். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் படமான 'த டெட் ஒஃப் ஜெரிக்கோ'வில், சேர்ந்திசைக் குழுவில் தன்னோடு பாடிய பெண்ணை மோர்ஸ் இழக்கிறார். துக்கத்தில் இருக்கும் மனிதர், சொஃபோக்கிளிஸின் ஈடிபஸ் நாடகத்தை வைத்து அந்தச் சாவுக்கு அழகான விளக்கம் ஒன்றைக் கட்டுகிறார். அது முழுப் பிழை. பிறகும் பல படங்களில் அவருடைய முதல் கணிப்பு பிழைக்கும், சில சமயம் இரண்டாவதும் பிழைக்கும். அந்தோணி மிங்கெல்லா திரைக்கதை எழுதிய அந்தப் படத்துக்குக் கிடைத்தது விளம்பரங்களோடு இரண்டு மணி நேரம். அன்றைக்கு அது துணிச்சல். தயாரிப்பாளர் கென்னி மெக்பெய்ன் அதில் உறுதியாக நின்றார். அந்த நேரம் இருந்ததால்தான் மோர்ஸ் பிழைவிடவும், வீட்டுக்குப் போய் வாக்னர் கேட்கவும், மறுநாள் வெட்கத்தோடு திரும்பி வரவும் முடிந்தது. பரிங்டன் ஃபிலூங் தொடக்க இசையிலேயே மோர்ஸ் என்ற பெயரைத் தந்திக் குறியீடாக ஒளித்து வைத்திருந்தார். பார்ப்பவர்களின் பொறுமையை மதித்தவர்கள் அத்தனை பேரும். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

எல்லாப் படங்களும் ஒரே தரம் இல்லை. சிலவற்றில் கொலைகாரரின் காரணம் தாங்காது. கதை நடக்கும் ஒக்ஸ்போர்டில் இத்தனை பேர் சாவதா என்ற கேள்வியும் நியாயம்தான். ஆனால் முடிச்சு அவிழ்ந்த பிறகும் பார்க்கத் தூண்டுபவை இந்தப் படங்கள்.

என் அம்மா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெம்பிளிக்கு வந்து சேர்ந்தவர். காக்கிச் சட்டையைக் கண்டால் படலையைச் சாத்தும் காலத்தில் வாழ்ந்தவர். தெருவில் கிடந்த சடலத்தைத் தாண்டிப் போனவர்களையும், தாண்டச் சொன்னவர்களையும் கண்டவர். ஆங்கிலம் அப்போது அவருக்கு அரைகுறை. மோர்ஸ் பேசும் கிரேக்கமும் குறுக்கெழுத்தும் புரிய வழியே இல்லை. ஆனாலும் படம் தொடங்கினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் நீங்கள் ஒரு சடலத்திலிருந்து முகத்தைத் திருப்பிய நேரம், "இந்தாள் நல்ல மனுசன், பிள்ளை. இந்தாளுக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்றார். பொலிஸ்காரர் ஒருவரைப் பற்றி அம்மா அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் அதற்குப் பிறகு உங்களைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. எங்கள் வீட்டில் நீங்கள் "அந்த நல்ல மனுசன்"தான்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது 1992இல் வந்த 'செருபிம் அண்ட் செராஃபிம்'. டானி பொயில் இயக்கியது. அதில் சாவது மோர்ஸுக்கு மருமகள் முறையான சிறுமி, தானே உயிரை விடுகிறாள். கொலை இல்லை, வழக்கும் இல்லை. மோர்ஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஏன் என்று மட்டும் தேடிப் போகிறார். தனக்கு ஒன்றுமே புரியாத இளைஞர்களின் இசைக் கொண்டாட்டங்களுக்குள் நரைத்த தலையோடு நிற்கிறார். அந்தப் பிள்ளை வாழ்ந்த உலகத்தை மதித்துத்தான் கேள்வி கேட்கிறார்.

உங்களுக்குப் பின்னும் பக்கத்திலும் வந்தவர்கள் இறந்தவரை மதிக்கும் இந்த வழியைத் தொடர்ந்தார்கள். லிண்டா லா பிளான்ட் எழுதி 1991இல் தொடங்கிய 'பிரைம் சஸ்பெக்ட்'டில், ஹெலன் மிரன் நடித்த ஜேன் டெனிசன் வழக்கைக் கையில் எடுத்ததும் கண்டுபிடிப்பது, இறந்த பெண்ணுக்கு வேறொருத்தியின் பெயரைத் தந்திருக்கிறார்கள் என்பதை. கொலைகாரனைப் பிடிக்க முன்னர் இறந்தவளுக்கு அவளுடைய பெயரைத் திருப்பிக் கொடுக்கிறார். அவருக்கும் என் நன்றி.

கடைசிப் படமான 'த ரிமோர்ஸ்ஃபுல் டே'யில் மோர்ஸ் இறக்கிறார். மருத்துவமனைக் கட்டிலில் அவர் கடைசியாகச் சொல்வது, லூயிஸுக்குத் தன் நன்றியைச் சொல்லிவிடும்படி. பதின்மூன்று வருடங்களாக அவர் லூயிஸுக்குச் சொல்லாமல் விட்டது. கேட்க லூயிஸ் அங்கே இல்லை. நீங்களும் பதினைந்து மாதங்களில் போய்விட்டீர்கள். நன்றியைத் தாமதிக்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன், ஆனாலும் எழுத இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

கெவின் வாட்லிக்கும், கொலின் டெக்ஸ்டருக்கும், கென்னடி மார்ட்டின் சகோதரர்களுக்கும், கிட்டங்கிகளுக்குள் படச்சுருள் தூக்கித் திரிந்த பெயர் தெரியாத தொழிலாளர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது மோர்ஸ் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நடை மெதுவாக இருக்கிறது என்று முதலில் குறைப்பட்டார்கள். ஜெரிக்கோவில் அந்த ஈடிபஸ் விளக்கம் பிழைத்த இடத்தில் அடுத்த படத்தையும் போடச் சொன்னார்கள். போட்டேன்.


வெம்பிளியிலிருந்து, உங்கள் பார்வையாளர்களில் ஒருத்தி