துருவும் மண்ணும்

ஜப்பானின் பழைய வாளை மதிப்பிடும் வல்லுநர், அலகின் ஒளியை மட்டும் கண்டு சான்றளிப்பதில்லை. கைப்பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்துள்ள அடிப்பகுதியின் துருவையும் ஆராய்வர். கொல்லன் தன் பெயரைப் பொறிக்கும் இடமும் அதுவே. துருவைத் தேய்த்து நீக்கினால், வாளின் அகவைக்கான சான்றும் அழியும்.

முன்பு முத்துக்குளித்த கடலில் கலக்கும் பொருநையின் கரையிலும் இரும்பு வாள்கள் புதைந்திருந்தன. 1899 முதல் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ அவற்றை வெளிக்கொணர்ந்தார். பெயர் பொறிக்காத இரும்புக்கு, அதைச் சூழ்ந்த மண்ணும் உடன்கிடந்த பொருள்களுமே சான்று. அருகிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல், அமெரிக்க ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்யப்பட்டது. அதன் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. நெல்மணியே ஆற்றங்கரை வரலாற்றின் சான்றிதழாயிற்று.

நிலத்தில் பழம்பொருளைக் கண்டவர் அதைப் பெயர்த்தெடுத்துத் துலக்கலாகாது. வாள் கையில் தங்கும். அதன் காலமோ கலைந்த மண்ணோடு போய்விடும்.