பேராதனையில் ஏடுகளின் இல்லம்

கண்டி நகரிலிருந்து கொழும்பு வீதி வழியே ஆறு கிலோமீற்றர் அளவு சென்றால், மகாவலி கங்கையின் வளைவிலே பேராதனை நம்மை எதிர்கொள்ளும். தாவரவியற் பூங்காவைக் காண வருவோர் பலர். அங்கே வரிசையாய் நிற்கும் பனைகளைக் கண்டு ஊர் நினைவு கொள்ளும் யாழ்ப்பாணத்தாரும் உளர். அயலிலே, 1942 இல் கொழும்பிலே தோன்றி 1952 இல் இங்குப் பெயர்ந்து வந்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தை நாடுவோரோ சிலரே. அங்கும் ஓலைகள் உண்டு; அவை எழுத்தாணி பட்டவை.

சுவடிக் காப்பாளர் என்றதும், திறவுகோற் கொத்துடன் வாளாவிருப்பவர் என்றே முன்னர் எண்ணியிருந்தேன். அவர் தொழிலில் முதற் கடினம் ஏடுகளைப் பெறுவதே. விலைக்கு வருவன சில. வீடுகளிலிருந்து அன்பால் வரவேண்டியனவே பல. வந்த சுவடியை எழுதியவர் யார், எவ்வூரது, எவர் கைமாறி வந்தது என்பனவற்றை அன்றே பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். தந்தவர் மறைந்தபின் அவ்வரலாற்றை எவரிடம் கேட்பது? கட்டிலிருந்த ஒழுங்கையும் தம் விருப்பம்போல் மாற்றலாகாது.

பின்னர்ப் பராமரிப்பு. புதிய கட்டைப் பூச்சி உண்டோவெனப் பார்க்கும்வரை தனியே வைப்பர். மென்தூரிகையால் தூசு நீக்குவர். உலர்ந்த ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் பூசினால் நெகிழ்ச்சி வரும். புகைக்கரி தடவினால் மங்கிய எழுத்துத் துலங்கும். ஒட்டிக்கொண்ட ஏடுகளை வலிந்து பிரித்தாலோ, மேற்பரப்பு எழுத்தோடு உரிந்துவிடும். ஈரம் ஏறுவதும் இறங்குவதுமாய் இருத்தல் ஓலைக்குப் பெரும் பகை. நாமோ சரசுவதி பூசையன்று சுவடிக்குச் சந்தனமும் நீரும் தெளித்து, பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து வைக்கின்றோம்!

காத்த இடமும் சில வேளை காவாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. ஏடுகளை ஒளிப்படமாக்கி, அப்படிகளை வேறிடத்தில் வைத்தலின் அருமை அப்பொழுதே எமக்கு விளங்கிற்று.

எம் இல்லத்திலும், பரியாரியாராய் இருந்த பாட்டனாரின் வாகடம் ஒன்று பட்டுத் துணியிற் பொதிந்து கிடக்கின்றது. பேராதனையிலிருந்து திரும்பியதும், அதனைக் கொடுத்துவிடலாமா என்று அன்னையாரைக் கேட்டேன். "அப்புவின்ரை கையெழுத்தை வீட்டை விட்டு அனுப்பேலாது" என்றார். மறுநாள், படியெடுக்க மட்டும் இசைந்தார். அன்றிரவு விளக்கருகே கட்டை அவிழ்த்துப் பார்த்தோம்; நான்கு ஏடுகள் ஏற்கெனவே ஒட்டிப் போயிருந்தன. அவற்றைத் தொடாது, பாட்டனார் யாரிடம் வைத்தியம் பயின்றார் என்பதை அன்னையார் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.